நாசிலில் துளி பிறக்கும் கணக்கு: பரப்பு இழுவிசையை நாமே கூட்டலாமா?

பரங்குன்றம் மாணவன்:
மதுரையில் எம்.இ. படிக்கிறேன். லவால் நாசிலில் (நடுவில் குறுகிப் பிறகு விரியும் குழாய்) நீராவி ஒலியை மிஞ்சி ஓடும்போது எங்கே துளி பிறக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணிப்பதுதான் ப்ராஜெக்ட். 1973-இல் மூர் குழுவினர் அளந்து வெளியிட்ட நாசில்களில் ஒன்றை எடுத்திருக்கிறேன். என் கணக்கில், நாசில் நெடுக அழுத்தத்தை வரைந்த கோட்டில் வரும் மேடு முன்னாலேயே வந்துவிடுகிறது, துளியும் அளந்ததைவிடச் சிறியது. நீரின் பரப்பு இழுவிசையை (பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை) 5 சதவீதம் கூட்டினால் மேடு சரியான இடத்துக்கு வருகிறது. கூட்டலாமா?

திருநகர் டர்பைன்காரர்:
தாராளமாகக் கூட்டுங்கள் தம்பி. துளி பிறக்கும் வேகத்தில் இழுவிசை அடுக்குக்குறிக்குள் கழித்தல் குறியோடு மும்மடியாக நிற்கிறது. அந்த அடுக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுவிசை 10 சதவீதம் ஏறினால் அது 26.6 ஆகும், பிறப்பு வேகம் எழுநூறு மடங்குக்கு மேல் விழும். அட்டவணையில் இருப்பதோ தட்டையான நீர்ப்பரப்புக்கு அளந்த மதிப்பு. முதலில் உருவாகும் கருவில் சில பத்து மூலக்கூறுகள்தான் இருக்கும். அதற்குப் பரப்பு எது, உள்ளே எது? அதை அப்படியே போடுவதுதான் தப்பு.

அனல் மின் நிலையத்தில் 28 வருடம் டர்பைன் பார்த்தவன் நான். கடைசிக் கட்ட பிளேடு அரிபட்டு ரம்பப் பல் மாதிரி ஆனதைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். ஈரம் 1 சதவீதம் ஏறினால் செயல்திறன் ஏறத்தாழ 1 சதவீதம் இறங்கும், அது பௌமன் விதி. எங்களுக்கு வேலைக்கு ஆகும் விடை வேண்டும்.

வைகைக்கரை:
ஐயா, கருவுக்கு அட்டவணை மதிப்பு பொருந்தாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 5 சதவீதம் சரி என்று ஆகிவிடாது.

கோலி சோடாவைத் திறந்ததும் கழுத்தில் ஒரு புகை எழுமே, சட்டென்று விரிந்து குளிர்ந்த காற்றில் ஈரம் துளியானதுதான் அது. நாசிலில் குளிர்ச்சி இன்னும் பல மடங்கு வேகம், நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி. தூசியைப் பிடித்துக்கொண்டு படிய நேரமே கிடையாது. தெவிட்டு நிலைக்கு (ஆவி வழக்கமாக நீராகத் தொடங்கும் வெப்பநிலை) 30, 40 டிகிரி கீழே போன பிறகு, வில்சன் புள்ளியில், துளிகள் மொத்தமாகப் பிறக்கின்றன. அவை வளரும்போது உள்ளுறை வெப்பம் வெளிவந்து ஆவியைச் சூடாக்கும், பிறப்பு நின்றுவிடும். ஒலிமீறிய ஓட்டத்தில் வெப்பம் சேர்ந்தால் அழுத்தம் ஏறும். தம்பி பார்க்கும் மேடு அதுதான்.

ஆக, மேட்டின் இடத்தைப் பிறப்பும் வளர்ச்சியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வளர்ச்சிச் சூத்திரத்தை மெதுவாக்கினாலும் மேடு பின்னுக்குப் போகும். ஒரே கோட்டை வைத்து இரண்டு திருகில் எது பிசகு என்று எப்படிச் சொல்வது?

திருநகர் டர்பைன்காரர்:
துளி அளவைப் பார்த்துச் சொல்லலாமே. வளர்ச்சி மெதுவானால் துளிகள் கூடும், ஒவ்வொன்றும் இன்னும் சிறுக்கும். தம்பிக்கு ஏற்கெனவே சிறியதாகத்தான் வருகிறது. அப்படியென்றால் பிறப்புப் பக்கம்தான் பிசகு.

வைகைக்கரை:
இது நல்ல வாதம், ஏற்கிறேன். தம்பி, 5 சதவீதம் கூட்டிய பிறகு துளி எவ்வளவு?

பரங்குன்றம் மாணவன்:
பெரிதாகியிருக்கிறது அண்ணே, ஆனால் அளந்ததை இன்னும் எட்டவில்லை.

வைகைக்கரை:
நான் பயந்தது இதைத்தான். 2018-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் ஈர நீராவிக் கணிப்பு நிரல்களை (கம்ப்யூட்டர் புரோகிராம்) ஒன்றோடொன்று ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அழுத்தத்தில் ஓரளவு ஒத்துப்போனவை துளி அளவில் விலகி நின்றன. ஐயா சொன்ன அரிப்புக்கும் துளி அளவுதான் முக்கியம். மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மூடுபனித் துளி பிளேடை அரிக்காது, ஓட்டத்தோடு போய்விடும். அதில் ஒரு பகுதி நிலைப் பிளேடில் படிந்து, படலமாகி, பிய்ந்து, பெருந்துளியாகப் போய் சுழலும் பிளேடில் மோதுகிறது. எவ்வளவு படியும் என்பது துளி அளவைப் பொறுத்தது. அங்கே பிசகினால் அரிப்புக் கணக்கு முழுவதும் பிசகும்.

திருநகர் டர்பைன்காரர்:
அரிப்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனாலும் கருவின் இழுவிசையை யாராவது நேரடியாக அளந்து தரும்வரை டர்பைன் காத்திருக்காது. திருத்திய எண்ணோடுதான் வடிவமைக்க வேண்டும், இதில் நான் மாறமாட்டேன்.

வைகைக்கரை:
அப்படியானால் அந்த எண் ஒரு நாசிலோடு நிற்கக்கூடாது. தம்பி, அதே மூர் வரிசையில் இன்னொரு நாசிலை எடுங்கள். 5 சதவீதத்தைத் தொடாமல் ஓட்டுங்கள். அதற்கு முன்னால் வில்சன் பகுதியில் வலைக்கட்டத்தை (கணக்குக்காக நாசிலைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) நெருக்கிப் பாருங்கள்; பிறப்பு உச்சம் மிகக் குறுகலானது, கட்டம் பெரிதாக இருந்தால் அது பரவிவிடும். பிசகு இழுவிசையில் இல்லாமல் அங்கேகூட இருக்கலாம்.

பரங்குன்றம் மாணவன்:
கட்டத்தை நெருக்கவே இல்லை அண்ணே. இன்று ராத்திரி அதை முதலில் ஓட்டுகிறேன், அப்புறம் இரண்டாவது நாசில். அழுத்தம், துளி இரண்டு கோட்டையும் நாளைக்கு இங்கே போடுகிறேன்.