பால் ஒத்துக்கொள்ளாத அம்மாவுக்குக் கால்சியம்: வழி சொல்லுங்கள்

அம்மாவுக்கு 63 வயது, ஊர் திருச்சி. மார்ச் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு டி-ஸ்கோர் (இளவயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் அளவு) -2.9. ஆஸ்டியோபோரோசிஸ்தான், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை என்றார் டாக்டர். ரத்தத்தில் வைட்டமின் டி 14 மட்டுமே. 42 வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள், எலும்பு பலவீனமாக அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டாக்டர் தந்த மருந்து ஒழுங்காகப் போகிறது. சிக்கல் கால்சியத்தில்தான். பால் குடித்தால் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கு. கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்தும் மலச்சிக்கல், கால்சியம் சிட்ரேட் மாத்திரைக்கு மாற்றியும் சரியாகவில்லை. இப்போது காலையில் கேழ்வரகுக் கூழ், வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, அப்புறம் எள்ளுருண்டை. மீன் தொடமாட்டார். மறுபடி விழுந்துவிடுவோமோ என்று சுவரைப் பிடித்தே நடக்கிறார், பார்க்க மனசு கேட்கவில்லை.

பால் சேராத, சைவம் மட்டுமே சாப்பிடும் பெரியவர்களுக்கு ஒரு நாளைய கால்சியத்தை உங்கள் வீட்டில் எந்தெந்த உணவால் ஈடுகட்டினீர்கள்?