பிட்டு (ராணுவ முதுகுப் பை) சுமந்த தோளும் முட்டியும்: உங்க அனுபவம் சொல்லுங்க

காலாட்படையில 17 வருஷம் இருந்துட்டு வந்தவன் நான். ஊர் வேலூர் பக்கம். ரெண்டு வருஷமா இடது முட்டியை மடக்க முடியல. பந்தியில சம்மணம் போட்டு உட்கார்ந்தா, எழுந்திருக்க மகன் கை கொடுக்கணும். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "மூட்டை தூக்குற வேலையா பார்த்தீங்க?"ன்னு கேட்டார். ராணுவம்னு சொன்னேன். ஆனா அவர் கேட்டதுல தப்பே இல்ல.

எல்லைக்கோட்டுல எங்க போஸ்ட் 13,000 அடிக்கு மேல. கோவேறு கழுதை ஒரு இடம் வரைக்கும்தான் வரும். அதுக்கு மேல போர்ட்டர். போர்ட்டர் இல்லாத நாள்ல நாங்க. ரேஷன், தோட்டா, புகாரி அடுப்புக்கு மண்ணெண்ணெய். அரிசி மூட்டையாவது முதுகோட படிஞ்சு கிடக்கும். 20 லிட்டர் ஜெரிகேன் அப்படி இல்ல. கொஞ்சம் குறைவா ஊத்தியிருந்தா, ஒவ்வொரு அடிக்கும் உள்ளே தளும்பி ஆளை ஒரு பக்கமா தள்ளும். கேனே 16 கிலோவுக்கு மேல. கூடவே 4 கிலோ இன்சாஸ் ரைபிள், மேகசின், தலைக்குப் பட்கா கவசம், குண்டு துளைக்காத ஜாக்கெட். ஏறும்போது மூச்சு போகும். முட்டி போறது இறங்கும்போதுதான். ஐஸ்ல காலை ஊனி ஊனி இறங்கி, கூடாரத்துல பூட்டைக் கழட்டினா முட்டி சுரைக்காய் மாதிரி வீங்கியிருக்கும்.

எம்.ஐ. ரூமுக்கு, அதாவது யூனிட் மருத்துவ அறைக்கு, ரெண்டு தடவைதான் போனேன். அடிக்கடி போனா 'வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான்'னு பேர் வந்துடும். அந்தப் பேருக்குப் பயந்து வலியை முழுங்கினேன். இது பணியில வந்த வலின்னு காட்ட இன்னைக்கு என் கையில ஒரு காகிதம் இல்ல.

—

அண்ணே, எனக்கு டிரெய்னிங்லயே அடிபட்டுச்சு. பி.பி.இ.டி.ங்கிற ராணுவ உடல்தகுதித் தேர்வுக்காக முதுகுல பிட்டு, கையில ரைபிளோட தினமும் 5 கிலோமீட்டர் ஓட்டம். கெண்டைக்கால் எலும்புல விரல் வச்சா ஒரே ஒரு இடம் மட்டும் உயிர் போகும். முதல் எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல, திரும்ப ஓட அனுப்பிட்டாங்க. மூணு வாரம் கழிச்சு எடுத்ததுலதான் கீறல் தெரிஞ்சது. புதுசா சேர்ந்த தம்பிங்க, வலி ஒரே புள்ளியில இருந்தா தயவுசெஞ்சு ஓடாதீங்க.

—

நான் பிசியோதெரபிஸ்ட், எங்க அப்பாவும் ராணுவம்தான். தம்பி சொல்றது புது வியாதி இல்ல. 1855-லயே பிரஷ்ய ராணுவ டாக்டர் ஒருத்தர், அணிவகுத்து நடந்த சிப்பாய்ங்களோட பாதத்துல இதைப் பார்த்து எழுதியிருக்கார். எங்க அப்பாவுக்குத் தோள். பிட்டோட பட்டை காரை எலும்புகிட்ட நரம்பை அழுத்தி அழுத்தி, வலது கையைத் தலைக்கு மேல தூக்கவே முடியாது. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப அவர் ஏன் என்னைத் தோள்ல தூக்கலன்னு இப்பதான் புரியுது. சுமையை இடுப்புப் பெல்ட்டுல இறக்கினா தோளுக்குப் பாதி விடுதலை.

அண்ணா, காகிதம் இல்லன்னு விட்டுடாதீங்க. சேரும்போது குறை எதுவும் பதிவாகாம இருந்து, பிறகு மருத்துவக் காரணத்தால வெளியே வந்தவருக்கு, அது பணியால வந்ததுன்னே எடுத்துக்கணும்னு 2013-ல தரம்வீர் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. உங்களுக்கு அது பொருந்துமான்னு விசாரிங்க.

—

நன்றிம்மா. நேத்து ராத்திரி டிரங்க் பெட்டியைக் கவுத்துப் பார்த்தேன். பழைய எம்.ஐ. ரூம் சீட்டு ஒண்ணு கிடைச்சது. எழுத்து பாதி அழிஞ்சிருக்கு, 'இடது முட்டி'யும் தேதியும் தெரியுது. திங்கக்கிழமை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எடுத்துட்டுப் போறேன்.