நிகான் டி7500-ஆ, கேனான் 90டி-யா? லென்ஸோட சேத்து யோசிச்சு சொல்லுங்க

தூக்கணாங்குருவி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இப்ப கையில இருக்கிறது ரொம்ப பழைய என்ட்ரி லெவல் டிஎஸ்எல்ஆர், கூட 18-55 (மில்லிமீட்டர்) கிட் லென்ஸ், அதாவது கேமராவோடயே சேந்து வர்றது, ரெண்டையும் குடுத்துட்டு புதுசா ஆரம்பிக்கப் போறேன், அதனால எந்த பிராண்டா இருந்தாலும் பரவால்ல. எனக்கு வேலை ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு பறவை. இன்னொண்ணு என் பொண்ணு டான்ஸ் ஆடுறா, ஆடிட்டோரியத்துக்குள்ள எடுத்தா முகம் கை எல்லாம் மசமசன்னு இழுத்துக்கிட்டு வருது, ஒரு படம்கூட பிரிண்ட் போடுற மாதிரி இல்ல. மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) வாங்குன்னு சொல்வீங்கன்னு தெரியும், ஆனா எனக்கு கண்ணாடி வழியா நேரா பாக்குற ஆப்டிகல் வ்யூஃபைண்டர்தான் பிடிச்சிருக்கு.

ஸ்பெக் பாத்தா டி7500 20.9 மெகாபிக்சல், செகண்டுக்கு 8 ஃப்ரேம். 90டி 32.5 மெகாபிக்சல், 10 ஃப்ரேம். அப்ப 90டி-தானே நல்லது? நிகான்ல 18-140, கேனான்ல 18-135 கிட்டா வருது, அதுலயே ரெண்டு வேலையும் முடிஞ்சிடுமா?

கருவிழி:

ஸ்பெக் ஷீட்டை கொஞ்ச நேரம் மூடி வைங்க ப்ரோ. டான்ஸ் படம் மசமசன்னு வர்றதுக்கு பெரிய காரணம் லென்ஸ்தான், பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) இல்ல. உங்க 18-55 ஜூம் பண்ணி 55-க்கு போனா எஃப் 5.6 (லென்ஸ் துவாரத்தோட அளவு, நம்பர் கூடினா வெளிச்சம் கம்மி). நீங்க சொல்ற 18-140, 18-135 ரெண்டும் கடைசி வரைக்கும் ஜூம் பண்ணா அதே எஃப் 5.6-தான். பாடி மாறும், உள்ள வர்ற வெளிச்சம் மாறாது.

ஆடுறவங்களை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் ஸ்பீடு குறைஞ்சது 1/250 செகண்ட் வேணும், வேகமா சுத்துற ஸ்டெப்புன்னா 1/500. எஃப் 5.6-ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை ஏத்திக் காட்டுற அளவு, கூடினா படம் பொரிப்பொரியா வரும்) 6400 கேக்குற லைட்ல எஃப் 2.8 லென்ஸ் போட்டா 1600 போதும், எஃப் 1.8-ன்னா கிட்டத்தட்ட 640-லயே முடிஞ்சிடும். எந்த பாடி மாத்துனாலும் இவ்ளோ பெரிய வித்தியாசம் கிடைக்காது. ஸ்டெபிலைசேஷன் இருக்கேன்னு நம்பாதீங்க, அது உங்க கை நடுக்கத்தைத்தான் சரி பண்ணும், மேடையில ஆடுற பொண்ணோட அசைவுக்கு அது ஒண்ணும் பண்ணாது.

அதனால கிட் வேண்டாம், பாடி மட்டும் வாங்கி கூட ஒரு 85 எஃப் 1.8 எடுங்க. ரெண்டு கம்பெனிலயும் இருக்கு, 70-200 எஃப் 2.8 மாதிரி ஒன்றரை கிலோ கனமும் இல்ல, விலையும் அதுல ஒரு சின்ன பங்குதான். ரெண்டு பாடிலயும் இருக்கிறது க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமை விட சின்னது), அதனால 85 நிகான்ல 128, கேனான்ல 136 மாதிரி நெருக்கமா தெரியும், முன்னாடி வரிசையில உக்காந்தா ஆளு ஃப்ரேமுக்குள்ள நிறைஞ்சு வருவாங்க.

இன்னொண்ணு, ஸ்பாட் லைட்ல முகம் வெள்ளையா வெந்து போறது பெரிய தொல்லை. பின்னாடி இருட்டா இருக்கிறதால கேமரா எக்ஸ்போஷரை ஏத்திடும். டி7500-ல ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங்னு ஒண்ணு இருக்கு, வெளிச்சமான இடத்தைப் பாத்து எக்ஸ்போஷர் வைக்கும், மேடைக்கு அது அருமையா வேலை செய்யும். கேனான்ல ஸ்பாட் மீட்டரிங் வச்சு முகத்துல எடுத்துக்கலாம், இல்லன்னா மேனுவல்.

நாரைக்கூட்டம்:

மேடைக்கு கருவிழி சொன்னது சரி. பறவைன்னு வந்தா நான் 90டி பக்கம் கொஞ்சம் சாய்வேன். தூரத்துல இருக்கிற சின்ன பறவையை எப்படியும் க்ராப் பண்ணித்தான் ஆகணும், 90டி படம் அகலவாக்குல 6960 பிக்சல், டி7500 5568, அதுக்கு மேல கேனானோட 1.6 க்ராப் வேற, ஒரே லென்ஸ்ல இறகோட விவரம் 90டி-ல கூடுதலா நிக்கும். ஆனா பிக்சல் கூடக்கூட சின்ன நடுக்கமும் ஃபோகஸ் பிசகும் அப்படியே தெரிஞ்சிடும், அதனால ஷட்டர் ஸ்பீடுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, பறக்கும்போது 1/2000-க்கு கீழ இறங்க வேண்டாம். தொடர்ச்சியா ரா (பதப்படுத்தாத மூல ஃபைல்) எடுத்தா டி7500 50 ஃப்ரேம் வரைக்கும் தாங்கும், 90டி அதுல பாதியில மூச்சு வாங்கும்.

லென்ஸ் பாத்தா கதை மாறுது. நிகான்ல 200-500 எஃப் 5.6 இருக்கு, கடைசி வரைக்கும் 5.6, இந்த விலைக்கு அந்த ஷார்ப்னஸ் பெரிய விஷயம், ஆனா 2.3 கிலோ, நாள் பூரா கையில தூக்கிக்கிட்டு நடக்க முடியுமான்னு நீங்களே யோசிச்சுக்குங்க. கேனான்ல அதுக்கு நேர் ஜோடின்னு ஒண்ணு கிடையாது. சிக்மா, டாம்ரான் 150-600 போடலாம், ரெண்டுமே 600-ல எஃப் 6.3. கேனானோட பழைய 400 எஃப் 5.6 எல் கனம் கம்மி, பறக்கிற பறவைக்கு இன்னைக்கும் நல்ல லென்ஸ், ஆனா ஸ்டெபிலைசேஷன் கிடையாது.

தூக்கணாங்குருவி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, கிட் லென்ஸ் எண்ணத்தை விட்டுட்டேன். சொந்தக்காரர் ஒருத்தர் நிகானோட பழைய 50 எஃப் 1.8 டி லென்ஸ் சும்மா தர்றேன்னு சொல்றார், டி7500-ல ஓடுமா? அப்புறம் நாலஞ்சு வருஷம் கழிச்சு மிரர்லெஸ் போனா இப்ப வாங்குற லென்ஸ் எல்லாம் வீணா போயிடுமா, அதுதான் உள்ளுக்குள்ள உறுத்துது.

பழைய மவுன்ட்:

டி7500-ல ஓடும் சார், அந்த டி லென்ஸ்ல மோட்டார் இல்லன்னாலும் பாடிக்குள்ளயே ஃபோகஸ் மோட்டார் இருக்கு. டி5600 மாதிரி சின்ன பாடில மோட்டார் இல்ல, அதுல கையால திருப்பித்தான் ஃபோகஸ் பண்ணணும்.

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். 2018-ல கேனான் ஆர்எஃப், நிகான் இசட்னு மிரர்லெஸுக்கு புது மவுன்ட் (பாடில லென்ஸ் மாட்டுற வாய்) கொண்டு வந்துட்டாங்க, புது லென்ஸ் எல்லாம் அந்தப் பக்கம்தான் வருது. கேனானோட டிஎஸ்எல்ஆர் லென்ஸான இஎஃப்-ல எல்லாம் மோட்டார் லென்ஸுக்குள்ளயே இருக்கு, அதனால அடாப்டர் (பழைய லென்ஸை புது மவுன்ட்ல மாட்டுற வளையம்) போட்டா ஆட்டோஃபோகஸ் அப்படியே வேலை செய்யும். நிகானோட எஃப்டிஇசட் அடாப்டர்ல மோட்டார் கிடையாது, ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி (லென்ஸுக்குள்ளயே மோட்டார் இருக்கிற வகை) லென்ஸ் ஓடும், உங்க சொந்தக்காரர் தர்ற டி லென்ஸ் அங்க மேனுவல் ஆயிடும். சும்மா வர்றதை வாங்கிக்கங்க, ஆனா காசு போட்டு வாங்குற லென்ஸ் ஏஎஃப்-எஸ்-ஆவே இருக்கட்டும், 85 எஃப் 1.8 ஜி, 200-500 ரெண்டுமே அந்த வகைதான்.

வீடியோ நிறைய எடுப்பீங்கன்னா சொல்லுங்க, அப்ப என் பதில் 90டி-தான். லைவ் வ்யூல (பின்னாடி ஸ்க்ரீன்ல பாத்து எடுக்கிறது) கேனானோட டூயல் பிக்சல் ஃபோகஸ் ஆளை விடாம பிடிச்சுக்கும், டி7500 அந்த இடத்துல தடவும், 4கே வச்சா படத்தை இன்னும் 1.5 மடங்கு க்ராப் வேற பண்ணிடும்.

தூக்கணாங்குருவி:

வீடியோ எப்பவாவதுதான். அப்ப டி7500 பாடி, 85 எஃப் 1.8 ஜி ரெண்டும் இப்ப. 200-500 அப்புறமா செகண்ட் ஹேண்ட்ல பாக்கலாம்னு இருக்கேன், அதுல என்னென்ன பாக்கணும்?

பழைய மவுன்ட்:

லென்ஸுக்குள்ள ஒரு பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சு மறுபக்கம் பாருங்க, நூல் நூலா கிளை விட்ட மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, எவ்ளோ கம்மி விலைன்னாலும் வேண்டாம். தூசி நாலஞ்சு இருந்தா படத்துல தெரியாது, விட்டுடுங்க. உங்க பாடிலயே மாட்டி 500-ல வச்சு கொஞ்சம் தூரத்துல இருக்கிற எழுத்துப் பலகையை எஃப் 5.6-ல எடுங்க, வ்யூஃபைண்டர்ல ஒண்ணு, லைவ் வ்யூல ஒண்ணு. லைவ் வ்யூ படம் ஷார்ப்பா இருந்து மத்தது சாஃப்டா இருந்தா அது ஃபோகஸ் பிசகுதான், டி7500-ல ஏஎஃப் ஃபைன் ட்யூன்னு ஃபோகஸை நுணுக்கமா திருத்துற செட்டிங் இருக்கு, பெரும்பாலும் அதுலயே சரி பண்ணிடலாம். ரெண்டுமே சாஃப்ட்னா லென்ஸ்லதான் கோளாறு, திருப்பிக் குடுத்துடுங்க. விஆர் (நிகானோட ஸ்டெபிலைசேஷன்) ஆன் பண்ணிட்டு வ்யூஃபைண்டர்ல படம் நிதானமா நிக்குதா, குதிக்குதான்னும் பாத்துக்கங்க.