அறுபதைத் தாண்டி மார்பகப் புற்றுநோய்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

முக்கூடல் பேத்தி:

எங்கள் ஆச்சிக்கு 71 வயது. ஐம்பது வருடம் பீடி சுற்றியவள். வலது மார்பில் கட்டி என்று தெரிந்ததும் அறுவை சிகிச்சை செய்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். செலவை முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது பக்கத்துக் கட்டிலைப் பற்றி.

அங்கே ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர். ஆச்சியைவிட இரண்டு வயது இளையவர். அதே நோய், அதே வலது பக்கம், அதே வாரம் அறுவை சிகிச்சை. ஆனால் அவர் ஆச்சியை ‘நீ’ என்பார்; ஆச்சி அவரை ‘அம்மா’ என்பாள். மருத்துவர் டீச்சரம்மாவிடம் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். ஆச்சியிடம் வந்தால் தாளைப் பார்ப்பார், நகர்ந்துவிடுவார். கடிந்து ஒரு சொல் பேசியதில்லை. ஆச்சியும் எதையும் கேட்டதில்லை. டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்பது அவள் எண்ணம்.

வீட்டுக்கு அனுப்பும்போது, “அந்தக் கைக்கு அதிக வேலை கொடுக்காதீர்கள்” என்றார்கள். அவ்வளவுதான். ஆச்சி கையை முந்தானையில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டாள். இரண்டு மாதத்தில் தோள் இறுகிவிட்டது. தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடக் கை எழவில்லை, வீக்கம் வேறு. டீச்சரம்மாவுக்கோ பயிற்சித் தாளும் கைக்கு அழுத்த உறையும் முதல் வாரமே கிடைத்திருந்தன. அப்படி ஓர் உறை இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

பீடி சுற்றும் சுளகு பரணுக்குப் போய்விட்டது. கூலி போனதைச் சமாளிக்கலாம். வளவுப் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய மத்தியானங்களும் சேர்ந்தல்லவா போயின!

வீரவநல்லூர்க்காரி, இப்போது நியூ ஜெர்சி:

இங்கே இந்த வித்தியாசத்தை இனவாரியாகவே கணக்கெடுக்கிறார்கள். கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. இறப்பு விகிதமோ ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். மருந்துக்கு எளிதில் மசியாத டிரிபிள் நெகட்டிவ் வகை அவர்களிடம் அதிகம் என்பது ஒரு காரணம். தாமதமாகக் கண்டுபிடிப்பது, காப்பீடு இல்லாதது, சிகிச்சை தள்ளிப்போவது என்று மற்றவை எல்லாம் மனிதர்கள் செய்து வைத்தவை.

என் மாமியாருக்கு 69. வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார்கள். “பரவாயில்லை” என்றார். தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதை ‘நன்றாக இருக்கிறார்’ என்று சொல்லிவிட்டார். பூஜ்யம்! அன்றிரவு படியேற முடியாமல் பாதி மாடியில் உட்கார்ந்திருந்தார். நோய் திரும்பாமல் இருக்கக் கொடுத்த லெட்ரோசோல் மாத்திரை மூட்டு வலி தரும் என்பதே எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்த முறை நான் எண்ணைக் கேட்கவில்லை, “தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடிகிறதா அத்தை?” என்றேன். “அதை விட்டு நாளாயிற்று” என்றார். அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற செவிலியர், பாளையங்கோட்டை:

முக்கூடல் பேத்திக்கு: தோள் தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே பிசியோதெரபியில் காட்டுங்கள். சுவரில் விரல்களை ஊர்ந்து ஏறவிடும் பயிற்சி சொல்லித் தருவார்கள். அந்தக் கை சிவந்து சூடேறிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இன்னொன்று. படிப்பினால்தான் டீச்சரம்மாவுக்கு நாற்காலி கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வார்டில் முதலில் ஊர் எது என்று கேட்போம், அப்புறம் தெரு எது என்று. தெருவைச் சொன்னால் மற்றதைக் கேட்க வேண்டியதில்லை. நானும் கேட்டிருக்கிறேன்.

முக்கூடல் பேத்தி:

அக்கா, நீங்கள் சொன்னபடி போய்வந்தோம். சுவரில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் நாள் காலண்டரின் அடிவிளிம்பு வரை எட்டியது. நேற்று தேதித்தாளைத் தொட்டுவிட்டாள். இந்த முறை டாக்டரிடம் அவளே வாய் திறந்து, “ஒரு கட்டாவது சுற்றலாமா?” என்றாள். ஒரு கட்டு என்றால் 25 பீடி. புகையிலைத் தூள் பக்கமே போக வேண்டாம், இலையை அடுக்கிக் கொடுக்கலாம் என்றார். இன்று மத்தியானம் திண்ணையில்தான் இருக்கிறாள்.