ரியாவில 2 ஹெக்டேர் செம்பனைக் காணி: மனைவிக்கு வந்த முதுசம், கணவன் யாழ்ப்பாணம்

தென்மராட்சி_வேலி கேட்டது:

வணக்கம். அக்காவின்ர மகன் கட்டினது இந்தோனேசியப் பிள்ளையை. கலியாண எழுத்து கொழும்பில நடந்தது, சொத்து ஒப்பந்தம் ஒண்டும் எழுதேல்லை. பிள்ளையின்ர தகப்பன் தவறினாப் பிறகு சுமாத்ராவில, ரியாவ் மாகாணத்தில ஒரு குடியேற்றக் கிராமத்தில 2 ஹெக்டேர் செம்பனையும் (பாம் எண்ணெய் எடுக்கிற மரம்) வீட்டு வளவும் அவவின்ர பங்குக்கு வருகுது. மரங்கள் 1990களில நட்டது. கையில கிடக்கிறது கிராமத் தலைவர் குடுத்த கடிதமும் வரி கட்டின துண்டும்தான். போயிருந்து பாக்கலாமோ, விக்கிறது நல்லதோ? மருமகன்ர பேரையும் உறுதியில போடேலுமோ?

நொத்தாரிசு_மேசை:

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: ஏலாது. அங்க 1960ஆம் ஆண்டு 5ஆம் இலக்க நிலச் சட்டத்தின்படி முழு உரிமை, அவையள் சொல்லுறது "ஹாக் மிலிக்", இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வதிவிட அனுமதி உள்ள வெளிநாட்டவருக்குக் கிடைக்கக்கூடியது "ஹாக் பாக்காய்" எண்ட பாவனை உரிமை. கம்பனிகளின்ர பெருந்தோட்டங்கள்கூட ஹாக் மிலிக் இல்லை, காலம் குறிச்ச "ஹாக் குனா உசாஹா"வில ஓடுது. வேற ஆளின்ர பேரில வாங்கி, பின்னால தனி ஒப்பந்தம் எழுதி வைக்கலாம் எண்டு புரோக்கர்மார் சொல்லுவினம். அதே சட்டத்தின்ர 26ஆம் பிரிவில அந்த எழுத்துச் செல்லாது, காணி அரசுக்குப் போகும், குடுத்த காசும் திரும்பாது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பிள்ளை வெளிநாட்டவரைக் கட்டினதால முதுசம் போயிடுமோ எண்டு பயப்படத் தேவையில்லை. எங்கட யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்தில முதுசம் வேறை, தேடியதேட்டம் வேறை எண்டு நாங்கள் பிரிக்கிற மாதிரித்தான் அவையின்ர 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும் பிரிக்குது. பரம்பரையா வந்தது அவரவர்க்கு, கலியாணத்துக்குப் பிறகு தேடினது ரெண்டு பேருக்கும் பொது. சிக்கல் வாறது அவ புதுசா ஒரு துண்டு வாங்கேக்குள்ள. அது பொதுச் சொத்து, அரைப்பங்கு வெளிநாட்டவருக்கு எண்டு ஆகும். அப்பிடிக் கலந்த ஹாக் மிலிக்கை ஒரு வருஷத்துக்குள்ள கைவிடவேணும். இதைத் தவிர்க்கிறதுக்குத்தான் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம். முந்தி அதைக் கலியாணத்துக்கு முதலே எழுதினாத்தான் செல்லும். 2016இல அரசியலமைப்பு நீதிமன்றம் கலியாணத்துக்குப் பிறகும் எழுதலாம் எண்டு தீர்த்துப்போட்டுது. ஒண்டும் வாங்கிற யோசனை இல்லாட்டியும் இப்பவே எழுதி வையுங்கோ.

அடுத்தது அந்தக் கடிதம். எனக்கு யோசினையைத் தாறது இதுதான். வரித்துண்டு எங்கட சோலைவரிப் பற்றுச்சீட்டு மாதிரி, ஆர் வரி கட்டினது எண்டு காட்டும், ஆற்ற காணி எண்டு காட்டாது. கிராமத் தலைவரின்ர கடிதமும் ஒரு சாட்சிதான், உரித்து இல்லை. அரசாங்கம் ஜாவா ஆக்களைக் கொண்டுவந்து இருத்தின குடியேற்றத் திட்டக் கிராமம் எண்டால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் "செர்திபிகாத்" எண்ட காணி உரித்துச் சான்றிதழ் எழுதியிருக்கவேணும். தோட்டக் கடன் கட்டி முடியுமட்டும் அதை வங்கி பிடிச்சு வைச்சிருக்கும். அப்ப கேள்வி, அது இப்ப எங்க?

மூண்டு விதமா நடந்திருக்கலாம். கடன் முடிஞ்சும் ஆரும் எடுக்காமல் வங்கியிலயோ கூட்டுறவுச் சங்கத்திலயோ கிடக்கலாம், அது சுகமான வழி. இல்லாட்டி தகப்பன் வேறொரு குடியேறியிட்ட கைச்சாத்தில மட்டும் வாங்கியிருப்பார், செர்திபிகாத் பழைய ஆளின்ர பேரிலயே இருக்கும். அந்தக் கிராமங்களில இது நிறைய. பழைய ஆளை, அல்லது அவற்ற உரித்தாளிகளைத் தேடிப்பிடிச்சு, "PPAT" எண்ட காணி உறுதி அதிகாரிக்கு முன்னால ஒப்பம் வைக்கப் பண்ணவேணும். ஆள் ஜாவாவுக்குத் திரும்பிப் போயிருந்தால் வழக்குத்தான். மூண்டாவது, காணி திட்ட எல்லைக்கு வெளியில, "கவாசான் ஹுத்தான்" எண்ட வன எல்லைக்குள்ள விழுந்திருக்கலாம். அங்க காணிக் கந்தோர் செர்திபிகாத் குடாது, எத்தனை வருஷம் ஆண்டாலும் சரி.

ஆகவே விலை பேச முதல் ஜி.பி.எஸ். வைச்சு நாலு மூலையும் குறிச்சு, வன அமைச்சின்ர வரைபடத்தில போட்டுப் பாருங்கோ. செர்திபிகாத் இலக்கம் கிடைச்சால் காணிக் கந்தோரில சரிபார்ப்பு மனுப் போடலாம். பேர் மாத்த மரணச் சான்றிதழ், உரித்தாளிகள் கடிதம் (கிராமத் தலைவரும் "சாமாட்" எண்ட உபபிரிவு அதிகாரியும் ஒப்பம் வைச்சது), அடையாள அட்டை, குடும்ப அட்டை, கடைசி வரித்துண்டு எல்லாம் வேணும். சகோதரங்கள் இருந்தால் பங்கு பிரிக்கிற உறுதி தனி.

பனங்கூடல்:

மரத்தைப் பற்றி ஒருதரும் சொல்லேல்லை. 2 ஹெக்டேர் எண்டால் எங்கட கணக்கில கிட்டத்தட்ட 79 பரப்பு. 9 மீற்றர் முக்கோண நடுகையில ஹெக்டேருக்கு 143 மரம், வழிவாய்க்கால் கழிச்சால் அதிலும் குறையும்.

1990களில நட்ட மரம் எண்டால் 25 வயது தாண்டி முடிஞ்சுது. திருப்பி நடவேண்டிய காலத்தைக் கடந்த தோட்டத்தைத்தான் பங்கா வாங்குகிறியள். மரம் உயர்ந்துபோனால் உளி போதாது, நீளக் கம்பில கொக்கைச்சத்தகம் மாதிரி அரிவாள் கட்டி அறுக்கவேணும், கூலி ஏறும், பழுத்தது கண்ணுக்குத் தெரியாது. நிலத்தில உதிர்ந்த பழத்தைப் பாத்துத்தான் குலை முத்தினதை அறியிறது. 7–10 நாளுக்கு ஒருக்கா வெட்டு. வெட்டின குலை 24 மணித்தியாலத்துக்குள்ள ஆலைக்குப் போகவேணும், பிந்தினால் எண்ணெயில புளிப்பு ஏறி விலை விழும். உதிரிப் பழத்திலதான் எண்ணெய் கூட, அதைப் பொறுக்காமல் விட்டால் காசை மண்ணில விட்ட மாதிரி.

மாகாண அரசு மரத்தின்ர வயதுக்கேற்ப விலை அறிவிக்கும். அது ஆலையோட ஒப்பந்தம் உள்ள சங்கத்துக்குத்தான். தனியா விக்கிறவருக்கு இடைத்தரகர் சொல்லுறதுதான் விலை, தராசடியிலயும் வீதம் கழிப்பார். கிழட்டு மரத்தின்ர குலைக்கு விலை இன்னும் கீழ.

மறுநடுகைக்கு அரசாங்க உதவி இருக்கு, 2024இல ஹெக்டேருக்கு 60 மில்லியன் ரூபியாவா கூட்டினவை. காணி ஆவணம் சரியா இருந்தால்தான் கிடைக்கும், ஆக நொத்தாரிசு அண்ணை சொன்ன இடத்துக்கே திரும்பி வாறம். நட்டால் 30–36 மாசம் காய் இல்லை. கன்றை வழியில விக்கிறவனிட்ட வாங்கவேண்டாம். நல்ல கலப்பினமான தெனரா எண்டு சொல்லித் துரா இனத்தைத் தள்ளிவிடுவாங்கள், ஓடு தடிச்சு எண்ணெய் குறைஞ்ச காய், அந்தப் பிழை 25 வருஷம் நிக்கும். வட சுமாத்ராவில மேடான் நகரத்தில இருக்கிற செம்பனை ஆராய்ச்சி நிலையம் மாதிரி அனுமதியுள்ள இடத்து விதை, கடதாசியோட வேணும். பழைய தண்டைச் சின்னத் துண்டா நறுக்கிப் பரப்புங்கோ. குவிச்சு உக்க விட்டால் தென்னையில நாங்கள் பாக்கிற அதே காண்டாமிருக வண்டு பெருகிப் புதுக் குருத்தைத் தின்னும். பழைய அடிமரத்தில கனோடெர்மாப் பூஞ்சணம் இருந்தால் வேரோட கிண்டி எடுக்கவேணும்.

தென்மராட்சி_வேலி:

நன்றி அண்ணைமார். நிலம் கறுப்பா, மெத்தை மாதிரி அமுங்குமாம். பிள்ளை யாழ்ப்பாணத்திலயிருந்தே பிடிச்சு வைக்கேலாதோ?

பனங்கூடல்:

அது உக்கின மரம்செடி குவிஞ்சு உண்டான கரிச்சதுப்பு நிலம். வாய்க்கால் வெட்டி நீரை வடிச்சால் வருஷாவருஷம் தாழும், மரம் சரிஞ்சு படுக்கும். செம்பும் துத்தநாகமும் பற்றாது. நீர்மட்டத்தை வாய்க்கால் பலகையால பிடிச்சு வைக்கவேணும், காய விட்டால் நிலத்துக்கு அடியால நெருப்பு ஓடும். 2015இலயும் 2019இலயும் ரியாவ் முழுக்கப் புகை மூடினது இந்த மண் எரிஞ்சுதான். துப்புரவாக்க ஒருநாளும் கொளுத்தக்கூடாது, அது குற்றம்.

மழைத்தண்ணி:

போயிருக்கிற பக்கத்தைச் சொல்லுறன். அந்த மண்ணில கிணத்துத் தண்ணி தேத்தண்ணி நிறத்தில, புளிப்பா இருக்கும். கூரை மழையைப் பீலியால தாங்கிக்கு எடுக்கிறது, குடிக்க 19 லீற்றர் போத்தல் தண்ணி வாங்கிறது. செம்மண் பாதை மழைக்குச் சேறாகி லொறி இறங்கினால் குலையும் அழுகும், வருத்தக்காரரையும் கொண்டுபோகேலாது. "புஸ்கெஸ்மாஸ்" சுகாதார நிலையம் எத்தினை கிலோமீற்றர், மழையில எவ்வளவு நேரம் எண்டு முதல் கேளுங்கோ. போய் இறங்கினால் 24 மணித்தியாலத்துக்குள்ள வட்டாரத் தலைவரிட்ட பதியவேணும். தமிழ் கேக்கவேணுமெண்டால் 1884இல கட்டின மாரியம்மன் கோயில் இருக்கிற மேடானுக்குத்தான் போகவேணும். கிராமத்தில இந்தோனேசிய மொழியும் ஜாவா மொழியும்தான்.

நொத்தாரிசு_மேசை:

இங்கயிருந்து பிடிச்சு வைக்கிறது கஷ்டம் தம்பி. 1961இலயிருந்து ஒரு விதி இருக்கு: விவசாயக் காணிக்காரர் அதே உபபிரிவில, அல்லது பக்கத்து உபபிரிவில குடியிருக்கவேணும், இல்லாட்டி, முதுசமா வந்த காணியை ஆள் தவறி ஒரு வருஷத்துக்குள்ள உள்ளூராளுக்கு மாத்தவேணும். பேர் மாத்தப் போகேக்குள்ள அடையாள அட்டை விலாசத்தைப் பாப்பினம். உள்ளூரில இருக்கிற சகோதரத்துக்கு அவவின்ர பங்கை விக்கிறதுதான் எனக்குச் சரியாப் படுது. விக்கிறதுக்கு அற்றோர்னித் தத்துவம் குடுக்கிறதெண்டால் கொழும்பில இந்தோனேசியத் தூதரகத்தில ஒப்பம் வைக்கவேணும், இந்த ஒரு காணிக்கு, இந்த ஒரு அலுவலுக்கு எண்டு தெளிவா எழுதி. திருப்பி எடுக்கேலாத தத்துவத்தைக் காணிக்கு 1982இலயே தடை செய்தாச்சு, அப்பிடி எழுதினதை அங்க ஏற்கமாட்டினம்.