மேசைத்திரையில் பொம்மைப் பசு அடிக்கடி மறைகிறது

வினா (வெள்ளவத்தை): எங்கள் முன்பள்ளியின் நான்கு வயதுப் பிள்ளைகளுக்காக, கீழே கமரா பொருத்திய மேசையில் பண்ணை விளையாட்டொன்றை அமைத்துள்ளேன். பொம்மைகளின் அடியில் ஒட்டிய குறிகளை அந்தக் கமரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படிக்கிறது. மரப்பசுவை வைத்தால் திரையில் புல் முளைக்கும். ஆனால் அதைத் தத்தித் தத்தி நடத்தியதும் புல் மறைந்துவிடுகிறது. பிற்பகலில் நிலைமை இன்னும் மோசம். என்ன செய்யலாம்?

பதில் 1: பிள்ளை பசுவை நடத்தத்தான் செய்யும், அதைத் தடுக்காதீர்கள். அடியிலுள்ள குறி தெரியாமற்போன உடனேயே புல்லை நீக்காமல், ஓரிரு விநாடிகள் பொறுத்து நீக்கும்படி நிரலை மாற்றுங்கள்.

பதில் 2: பிற்பகலில் யன்னல் வழியே வரும் வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டென்பதால், கமராவுக்குக் குறி மங்கிவிடும்; தடித்த திரைச்சீலை போடுங்கள்.

வினவியவர்: திரைச்சீலை போட்டதும் பிற்பகல் தொல்லை பெருமளவு தீர்ந்தது, நன்றி. கோழிக்குஞ்சுப் பொம்மை மிகச் சிறியதோ?

பதில் 2: மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகளும் வருவார்களானால், பொம்மை தொண்டையில் சிக்குமா எனப் பார்க்கும் 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் எதையும் மேசையில் வைக்காதீர்கள்.