யெஸ்டி இன்ஜினுக்கு பி.பி. பார்த்த கதை

ஒரே இன்ஜினை ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு முறை போர் போட்ட, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிய ஆள் நான். முதல் தடவை வண்டிக்குத் தேவைப்பட்டது. இரண்டாவது தடவை என் கஞ்சத்தனத்துக்கு. அந்த இரண்டாவது தடவையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

வண்டி மாமாவுடையது. 1984 யெஸ்டி ரோட்கிங் பைக். அன்னூர் பக்கம் தோட்டத்துச் சாளையில் பதினைந்து வருடமாகச் சாய்ந்து கிடந்தது, சீட்டுக்கு அடியில் கோழி அடை காத்த தடம் இருந்தது. மைசூரில் 1961இல் தொடங்கி 1996இல் மூடிய தொழிற்சாலையில் செய்த வண்டி. ஒரே பிஸ்டன், இரண்டு சைலன்சர், கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. அந்த லீவரை உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் கிக்கர், பழையபடி இறக்கினால் கியர். சின்ன வயதில் மாமா அதைச் செய்வதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். "எடுத்துட்டுப் போடா, இரும்புக் கடைக்குப் போடறதுக்கு நீயே வெச்சுக்க" என்றார்.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் இன்ஜின் வேலைக்கு மட்டும் முப்பத்தைந்தாயிரம் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, வேலை அப்படி. என்னிடம் இருந்தது பத்தாயிரம். அதனால் மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டி, ஒரு பழைய கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் இன்ஜினை வைத்து ஆரம்பித்தேன்.

பிஸ்டன் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசலும் கொஞ்சம் கியர் ஆயிலும் ஊற்றி மூன்று நாள் விட்டேன். நான்காம் நாள் வேப்பங்கட்டை ஒன்றை வைத்து மெதுவாகத் தட்டினதும் அசைந்தது. சுத்தியலை நேராக பிஸ்டன் மேல் இறக்கியிருந்தால் கனெக்டிங் ராடும் போயிருக்கும்.

பிளாக்கை, அதாவது சிலிண்டரை, கழற்றிப் பார்த்தால் ஏற்கனவே 0.50 மில்லி ஓவர்சைஸ் போட்டிருந்தது, ஒரிஜினலைவிட அவ்வளவு பெரிய பிஸ்டன். ஒரிஜினல் போர் 65 மில்லி, ஸ்ட்ரோக் 75, மொத்தம் கிட்டத்தட்ட 249 சிசி. நான் 0.75 பிஸ்டன் வாங்கினேன். இங்கே ஒரு விஷயம், பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் போர் போடச் சொல்ல வேண்டும். அட்டைப் பெட்டியில் 0.75 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது அதே அளவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கணபதியில் லேத் வைத்திருக்கும் அண்ணா ஒருவர் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்து, அந்தப் பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அதற்குத் தகுந்தபடிதான் பிளாக்கை அறுத்தார்.

மாட்டும்போது பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற சர்க்கிளிப் (கம்பி வளையம்) ஒன்று விரலில் இருந்து துள்ளிப் போனது. டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கீழே கிராங்க் (பிஸ்டன் சுழற்றுகிற தண்டு) இருக்கும் வாயைத் துணியால் அடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இன்ஜினைத் தலைகீழாகப் பிடித்து ஒன்றரை மணி நேரம் குலுக்கினோம், நானும் தம்பியும். கடைசியில் அது தார்ப்பாய் மடிப்பில் கிடந்தது, உள்ளே போகவே இல்லை.

இப்போது அந்தக் கஞ்சத்தனம். கிராங்க்குக்கு இரண்டு பக்கமும் ஆயில் சீல் (தண்டைச் சுற்றிப் பிடிக்கிற ரப்பர் வளையம்) உண்டு, டைனமோ பக்கம் ஒன்று, கிளட்ச் பக்கம் ஒன்று. இரண்டும் சேர்த்து அப்போது 240 ரூபாய். டைனமோ பக்க சீலை டார்ச் அடித்துப் பார்த்தேன், கிழிசல் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று இரண்டையுமே மாற்றாமல் விட்டுவிட்டேன். டைனமோவுக்குப் பின்னால் லேசாக எண்ணெய் ஈரம் இருந்தது. துடைத்துவிட்டேன்! அதாவது வண்டி தன் வாயால் சொன்னதை நான் துணி போட்டுத் துடைத்தேன்.

ஏழாவது கிக்கில் ஸ்டார்ட் ஆனது. அந்தப் புகையையும் சத்தத்தையும் எழுதப் போவதில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும். எதிர் வீட்டு ஆயா ஜன்னலைச் சாத்தினார்.

ஒரு வாரத்தில் சின்னச் சின்னக் கோளாறு தெரிந்தது. சிக்னலில் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகம் உடனே இறங்காது, கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருக்கும். சோக் போட்டு பெட்ரோலைக் கூட்டினால் அடங்கும். பிளக்கைக் கழற்றினால் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசின மாதிரி. ஏர் ஸ்க்ரூவைத் திருப்பினேன், ஜெட் மாற்றினேன், கார்புரேட்டரை நான்கு தடவை கழுவினேன். லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் ஆயில்) கலந்துதான் ஓட்டினேன், அதில் குறை வைக்கவில்லை.

பண்ணாரி கோயிலுக்குப் போய்விட்டு, முடிந்தால் திம்பம் இருபத்தேழு கொண்டை ஊசியும் ஏறிப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். புளியம்பட்டி தாண்டி நேர் ரோடு, அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். முதலில் யாரோ பின்னால் இருந்து இழுக்கிற மாதிரி ஒரு கனம். அடுத்த நொடி கீச்சென்று பின் வீல் பூட்டிக்கொண்டது. கை தானாக கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. புளியமரத்தடியில் இருபது நிமிடம் ஆறவிட்ட பிறகு கிக்கர் இறங்கியது, ஆனால் கம்ப்ரஷன் இல்லை. குட்டி யானை பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர 1,800 ரூபாய். மிச்சம் பிடித்தது 240.

நேராக லேத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன், போரை டைட்டாகப் போட்டுவிட்டீர்கள் என்று. அந்த அண்ணா கோபப்படவில்லை. பிஸ்டனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "டைட்டா இருந்தா சுத்தி நாலு பக்கமும் தேஞ்சிருக்குமுங்க. இது சைலன்சர் பக்கம் மட்டும் வழிச்செடுத்திருக்குது பாருங்க. சூடு ஏறியிருக்குது. காத்து எங்கேயோ புகுதுங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் வெறும் பெட்டி கிடையாது, அதுவே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது உள்ளே உறிஞ்சும், கீழே வரும்போது அழுத்தி மேலே அனுப்பும். உறிஞ்சுகிற நேரத்தில் டைனமோ பக்க சீல் வழியாக வெறும் காற்று புகுந்தால் பெட்ரோல் விகிதம் குறைந்துவிடும். பெட்ரோலோடு வருவதுதானே ஆயிலும், அதுவும் குறையும். சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரில் எதைத் திருப்பினாலும் இதைச் சரி செய்ய முடியாது. முப்பது வருட ரப்பர் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், நகத்தால் அழுத்தினால்தான் பிளாஸ்டிக் மாதிரிக் கெட்டியாகிப் போனது தெரியும்.

இந்தத் தடவை அளந்து பார்க்காமல் எதையும் மாட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினை அடைத்து ஐந்து பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கிற அதே அலகு) அளவு காற்று ஏற்றி, நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கான கருவி வாங்கக் காசில்லை. சைக்கிள் பம்ப்பில் ஐந்து பி.எஸ்.ஐ.யை எங்கே படிப்பது? அப்போதுதான் அலமாரியில் அப்பாவுடைய பழைய பி.பி. மெஷின் கண்ணில் பட்டது, டயல் வைத்தது. அது 300 மி.மீ. (பாதரச அளவு) வரை காட்டும். 250 மி.மீ. என்றால் ஏறக்குறைய ஐந்து பி.எஸ்.ஐ. அமுக்குகிற ரப்பர் குடுவை, காற்றை விடுகிற திருகு, அளவு காட்டும் டயல், எல்லாம் ஒரே இடத்தில்.

செத்துப்போன பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, இரும்புக் கூட்டில் சின்னக் குழாயை எம்-சீல் வைத்து ஒட்டினேன். கார்புரேட்டர் வாயை ஒரு தகடும் சைக்கிள் டியூப் துண்டும் வைத்து இறுக்கினேன். சைலன்சர் வாய் இரண்டையும் டியூபை மடித்து அடைத்து அதனதன் நட்டாலேயே முடுக்கினேன். பிஸ்டனை அடியில் நிறுத்தினால் மேலும் கீழும் வழி திறந்திருக்கும், பிளக் வழியாக ஏற்றுகிற காற்று கிராங்க் கேஸ் வரைக்கும் போய்விடும். பழைய பிஸ்டனையே போட்டுத்தான் பார்த்தேன். பம்ப் அடித்தேன். முள் 250க்கு ஏறியது, பத்து எண்ணுவதற்குள் பூஜ்யத்துக்கு வந்தது. மறுபடி அடித்துக்கொண்டே சோப்புத் தண்ணீரைத் தடவினேன். டைனமோவுக்குப் பின்னால் நுரை மீன் முட்டை மாதிரிப் பொங்கியது. அம்மா துணி காயப்போட வந்தவர் பார்த்துவிட்டு, "உனக்குப் பாரு முதல்ல" என்றார்.

சரி, புது சீல் போட்டாயிற்று. அப்போதும் நிற்கவில்லை! ஒரு நிமிடத்தில் 250இல் இருந்து 120. கிராங்க் தண்டில் பழைய சீலின் உதடு வருடக்கணக்கில் உரசி மயிரிழைப் பள்ளம் போட்டிருந்தது, புது சீலும் சரியாக அதே பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு மில்லி வெளியே தள்ளி, தேயாத இடத்தில் உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து முள் 240.

போர் 1.00க்குப் போய்விட்டது. எனக்குக் கிடைக்கிற பிஸ்டனில் அதுதான் கடைசி, இனிமேல் பிடித்தால் ஸ்லீவ்தான், சிலிண்டருக்குள் புது உறை. மொத்தச் செலவு இரண்டு தடவையும் சேர்த்து பதினெட்டாயிரத்துச் சொச்சம். நீங்கள் யாராவது மாட்டிக்கொண்ட கதை இருந்தால் சொல்லுங்கள், எனக்கும் ஆறுதலாக இருக்கும்.

*

மதுரையில் இருந்து:

அண்ணே, எனக்கு இதுக்கு நேர் எதிர்ப் பக்கம். ராஜ்தூத் 175. கிளட்ச் பக்க சீல் போனது. அங்கே காற்று இல்லை, ஆயில் இருக்கிறது, அதனால் இன்ஜின் ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தது. மூன்று மாதம் கொசு மருந்து வண்டி மாதிரிப் புகைவிட்டுக்கொண்டு திரிந்தேன். ரிங் போச்சு என்று ரிங் மாற்றினேன், 2டி ஆயிலைக் குறைத்தேன், எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் கிளட்ச் ஆயிலை அளந்து பார்த்தால் பாதி இல்லை. தரையில் ஒரு சொட்டு ஒழுக்கு கிடையாது. தரையில் இல்லாத ஆயில் எங்கே போகும்? ஆயிலைக் குறைத்து ஓட்டினதில் பிஸ்டன் தப்பித்ததே பெரிய விஷயம்ணே.

*

பொன்மலையில் இருந்து:

தம்பி, நான் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பி.பி. மெஷின் யோசனை நல்லா இருக்கு. ஆனால் கிராங்க்கைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே. இந்த வண்டிகளில் கிராங்க் அழுத்திச் சேர்த்த கிராங்க். இன்ஜின் ஓடும்போது பிடித்து நின்றால் இரண்டு பிளைவீலும் ஒன்றுக்கொன்று மயிரளவு திருகிக்கொள்ள வாய்ப்பு உண்டு. டயல் கேஜ் வைத்துத் தண்டின் ஆட்டம் பார்த்தீர்களா? அது ஆடினால் எத்தனை நல்ல சீல் போட்டாலும் தின்றுவிடும். ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் அசையத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். மேலும் கீழும் இழுத்தால் டக் என்று ஒரு சின்ன அசைவுகூட இருக்கக் கூடாது. அப்புறம் தயவுசெய்து யாரும் கிராங்க்கை வீட்டில் சுத்தியல் வைத்து நேராக்காதீர்கள். ஒருத்தர் என்னிடம் அப்படிக் கொண்டுவந்தார், அதைப் பார்த்துவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

*

முதலில் எழுதியவர்:

ஐயா, சரியாகப் பிடித்தீர்கள். அதை விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை கேஸையே பிரித்துக் கிராங்க்கை லேத்துக்குக் கொண்டுபோனேன். சென்டரில் மாட்டிச் சுற்றிப் பார்த்ததில் டைனமோ பக்கம் எட்டுப் புள்ளி, அதாவது 0.08 மில்லி ஆட்டம். அந்த அண்ணா செம்புச் சுத்தியலால் இரண்டே தட்டு, அது எங்கே தட்டினார் என்று பார்ப்பதற்குள் இரண்டு புள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் அதை வீட்டில் செய்திருந்தால் நீங்கள் மறுபடி டீ குடிக்கப் போக வேண்டியிருக்கும்.

பேரிங் மட்டும் நானே போட்டேன். புது பேரிங்குகளை பாலித்தீன் பையில் சுற்றி இரவு முழுக்க ஃப்ரீஸரில் வைத்தேன். காலையில் அம்மா இட்லி எடுத்து முடித்த பிறகு தோசைக்கல்லை அடுப்பில் போட்டு, அதன்மேல் அலுமினியக் கேஸைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்கிற வரைக்கும் சூடாக்கினேன். பேரிங்கை எடுத்து வைத்ததும் தட்டவே வேண்டியிருக்கவில்லை, தொப்பென்று தானே உட்கார்ந்தது. தோசைக்கல் விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

*

ஈரோட்டில் இருந்து:

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். சிக்னலில் கத்திக்கொண்டே நிற்கிறது என்று நீங்கள் எழுதினதைப் படித்ததும் வயிற்றில் புளி கரைத்தது. என் வண்டியும் ஒரு மாதமாக அதேதான் செய்கிறது. அந்த பி.பி. மெஷினை இரண்டு நாளைக்குத் தருவீங்களா அண்ணா? நானே வந்து வாங்கிக்கறேன்.

*

முதலில் எழுதியவர்:

வாங்க தம்பி. அதுவரைக்கும் வண்டியை ஓட்டாதீங்க, பஸ்ஸில் வாங்க. உங்கள் சைலன்சர் வாய் ஒன்றுதான், அடைக்கிற வேலை பாதி. மெஷின் ரப்பரில் 2டி ஆயில் வாசம் ஏறிவிட்டது, அப்பா கையில் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதனால் அவசரமாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஒட்டின பிளக்கும் தருகிறேன், ஆனால் திரெட் அளவு உங்கள் ஹெட்டுக்குச் சேருமா என்று வரும்போது உங்கள் பழைய பிளக் ஒன்றைக் கையோடு எடுத்து வாங்க.